கோட்டை விழுந்தது, ராஜா தப்பினார்! (ஒரு ரத்தநாள மருந்தும் மூளைக்கட்டியும்)



போன பதிவு போல இதுவும் கொஞ்சம் நீளம்தான். டீ, காபி ஏதாவது கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு "வரலாறா, மருத்துவமா?" என்று குழம்ப வேண்டாம். ரெண்டும்தான். மருத்துவத்துக்கும் வரலாறு உண்டு இல்லையா?

முதலில் நம்ம ஊர்க் கதை. மேல்மலையனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு செஞ்சிக் கோட்டை என்றால் தேசிங்கு ராஜன்தான் உடனே நினைவுக்கு வருவார். ஆனால் அவருக்குக் கொஞ்சம் முன்னால் அங்கே நடந்த ஒரு முற்றுகையைப் பற்றி நம்மில் பலர் பேசுவதே இல்லை. 1689-ல் சம்பாஜி கொல்லப்பட்டதும் அவர் தம்பி ராஜாராம் மராட்டிய தேசத்தை விட்டுத் தெற்கே ஓடி வந்து செஞ்சிக்குள் புகுந்துகொண்டார். ஔரங்கசீப் சும்மா விடுவாரா? தளபதி சுல்பிகர் கானை அனுப்பினார். 1690-ல் ஆரம்பித்த முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. எட்டு வருஷம்!

முற்றுகை என்பது ரொம்ப எளிமையான யோசனை. மதிலை இடிக்க முடியாவிட்டால் சாப்பாட்டை நிறுத்து, உள்ளே இருப்பவன் தானாக வெளியே வருவான். ஆனால் செஞ்சியில் அது லேசில் நடக்கவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. அவற்றை இணைக்கும் மைல் கணக்கான மதில். உள்ளேயே சுனைகள், குளங்கள், களஞ்சியங்கள். வெளியில் இருந்தும் தானியம் வந்துகொண்டே இருந்தது. நடுவில் சாந்தாஜி, தனாஜி என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் வந்து முகலாயர்களின் சாப்பாட்டையே நிறுத்த, முற்றுகை போட்டவர்கள் 1693-ல் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. கடைசியில் கோட்டை விழுந்தது. ஆனால் ராஜாராம்? அதற்கு முன்பே வேலூர் வழியாகத் தப்பி மராட்டிய தேசம் போய், சதாராவில் மறுபடி தர்பார் வைத்துவிட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், புற்றுநோய்க்கு எதிராக விஞ்ஞானிகள் போட்ட மிகப் பெரிய முற்றுகை ஒன்றின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். புது ரத்தநாளம் முளைக்காமல் தடுத்து, கட்டிக்குச் சாப்பாடு போகாமல் செய்யும் மருந்து. பெயர் பெவாசிசுமாப். கடைப்பெயர் அவாஸ்டின். இது மூளைக்கட்டியோடு மோதிய கதையைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

அந்தக் கட்டி எப்படிப்பட்டது?

மூளையில் வரும் கட்டிகளில் பல வகை. சிலவற்றை அறுவை சிகிச்சையில் முழுசாக எடுத்துவிடலாம், நோயாளி ஊருக்கு வந்து பழையபடி வேலை பார்ப்பார். நாம் பேசப்போவது மூளையிலேயே உருவாகும் புற்றுநோய்களில் மிக மோசமான கிளியோபிளாஸ்டோமா. இது உருண்டையாக ஓரிடத்தில் உட்காராது. ஆலமரத்து வேர் சுவருக்குள் போவது போல நல்ல மூளைக்குள் பரவிக் கிடக்கும். 1928-ல் வால்டர் டாண்டி என்ற அமெரிக்க அறுவை நிபுணர், கட்டி இருந்த பக்கத்து வலது பெருமூளையையே பாதியாக எடுத்துப் பார்த்தார். அப்படியும் மீதிப் பாதியில் கட்டி திரும்ப வந்தது!

நம் நாட்டில் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கென்று முதல் துறை தொடங்கிய இடம் எது தெரியுமா? ராஜாராம் தப்பிப்போன அதே வேலூர்தான். 1949-ல் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அதை ஆரம்பித்தார். அடுத்த வருஷமே, 1950-ல், சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி ஆரம்பித்தார். இன்றைக்கும் நம்ம பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குத் தலையில் கட்டி என்றால் வேலூர், சென்னை, பாண்டிச்சேரி ஜிப்மர் என்றுதான் பஸ் ஏறுகிறார்கள்.

அந்தக் காலத்தில் டாக்டர்களுக்கு ஒரு விஷயம் தலைவலியாக இருந்தது. கட்டியைவிட, கட்டியைச் சுற்றி வரும் வீக்கம் பல நேரம் ஆபத்தானது. மண்டை ஓடு எலும்பு. அது விரிந்து கொடுக்காது. உள்ளே தண்ணீர் சேரச் சேர மூளை நசுங்கும். தலைவலி, வாந்தி, கை கால் விளங்காமை, மயக்கம். 1961-ல் காலிசிச், பிரெஞ்ச் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இந்த வீக்கத்தை வேகமாக வடிய வைப்பதைக் காட்டினார்கள். விலை மலிவு. பேசாமல் கிடந்தவர் இரண்டு நாளில் எழுந்து உட்காருவார். கட்டி சாகவில்லை, தண்ணீர்தான் வடிந்தது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஃபோக்மேன் போட்ட திட்டம்

1960களின் தொடக்கம். ஜூடா ஃபோக்மேன் என்ற இளம் அறுவை மருத்துவர் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்க்கிறார். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் கப்பல்களில் ரத்தத்துக்கு மாற்றாக வைத்துக்கொள்ள ஏதாவது திரவம் தயாரிக்க முடியுமா என்பது ஆராய்ச்சி. அந்தத் திரவம் உறுப்பை உயிரோடு வைக்கிறதா என்று பார்க்க, உடலில் இருந்து தனியே எடுத்த தைராய்டு சுரப்பியில் அதை ஓடவிட்டார்கள். அதில் எலியின் புற்றுச் செல்களையும் போட்டுப் பார்த்தார்கள். கட்டி வளர்ந்தது. ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளரவே இல்லை! அதே கட்டியை எடுத்து எலிக்குள் வைத்தால் மளமளவென்று வளர்ந்தது.

வித்தியாசம் என்ன? எலிக்குள் இருந்தபோது கட்டிக்குள் புது ரத்தநாளங்கள் முளைத்திருந்தன. தனியே வைத்த சுரப்பியில் அவை முளைக்கவில்லை.

இதை வைத்து 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார். கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து பக்கத்து ரத்தநாளங்களைத் தன் பக்கம் இழுக்கிறது, அந்தப் பொருளைத் தடுத்தால் கட்டி ஊசிமுனை அளவிலேயே நின்றுவிடும் என்பது அவர் வாதம். அதாவது முற்றுகை! அப்போது பலர் இதை நம்பவில்லை. "கட்டியில் ரத்தநாளம் இருப்பது வெறும் அழற்சி, அவ்வளவுதான்" என்ற எண்ணம்தான் பரவலாக இருந்தது. "அப்படி ஒரு பொருள் இருந்தால் எங்கே, காட்டு" என்ற கேள்வி அவரைப் பல வருஷம் துரத்தியது.

ஒரே பொருள், இரண்டு பெயர்

கதையின் முக்கியமான இடம் இதுதான். மெதுவாகப் படியுங்கள்.

1983-ல் பாஸ்டனில் ஹெரால்டு டுவோராக், டொனால்டு செங்கர் குழுவினர் வேறொரு கேள்வியோடு இருந்தார்கள். புற்றுநோய் வந்தால் வயிற்றில் ஏன் நீர் கோக்கிறது? கினிப்பன்றிகளின் கட்டிகளில் தேடி ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அது ரத்தநாளச் சுவரைக் கசிய வைக்கிறது. சாதாரணக் கசிவு இல்லை, உடம்பில் தடிப்பும் வீக்கமும் உண்டாக்கும் ஹிஸ்டமினைவிடப் பல ஆயிரம் மடங்கு வீரியம். அதனால் அதற்கு 'ரத்தநாளக் கசிவுக் காரணி' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

1989-ல் கலிபோர்னியாவில், ஜெனென்டெக் நிறுவனத்தில், நெப்போலியோனே ஃபெராரா என்ற இத்தாலியர் மாட்டின் பிட்யூட்டரி செல்களில் இருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். அது ரத்தநாளச் செல்களை வளர வைத்தது. அதனால் 'ரத்தநாள வளர்ச்சிக் காரணி' என்று பெயர். இன்றைக்கு உலகம் முழுக்க வி.ஈ.ஜி.எஃப். என்று சொல்வது இதைத்தான்.

இரண்டையும் வைத்துப் பார்த்தால்... அட! இரண்டும் ஒரே புரதம்!

ஒரே ஆள் ஒரு ஊரில் கொத்தனார், இன்னொரு ஊரில் குழாய் உடைப்பவன் என்று பெயர் வாங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். இந்தப் புரதம் ரத்தநாளத்தைக் கட்டவும் செய்கிறது, ஒழுக வைக்கவும் செய்கிறது. ஆனால் இரண்டாவது பெயர்தான் நிலைத்தது. ஃபோக்மேன் தேடிய பொருள் கிடைத்துவிட்டது, இனி அதைத் தடுத்தால் கட்டி பட்டினியில் சாகும் என்ற நம்பிக்கைக்கு 'வளர்ச்சி' என்ற பெயர்தான் பொருத்தமாக இருந்தது. 'கசிவு' என்ற பழைய பெயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய்விட்டது.

என்னைக் கேட்டால், இந்த மருந்தின் அடுத்த முப்பது வருஷக் கதை முழுவதும் அந்த மறந்துபோன பழைய பெயருக்குள்ளேயே இருந்தது.

நம்பிக்கை ஏறிய வருஷங்கள்

1992-ல் ஜெர்மனியிலும் இஸ்ரேலிலும் இருந்த குழுக்கள் கிளியோபிளாஸ்டோமா கட்டிகளில் இந்தப் புரதம் நிறைய இருப்பதைக் காட்டின. அதுவும் ஆக்சிஜன் கிடைக்காமல் சாகும் பகுதிகளை ஒட்டி அதிகம். பசித்த செல்கள் உணவு கேட்டுக் கத்துவது போல. 1993-ல் ஃபெராரா குழு இந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்பொருள் ஒன்றை எலிகளுக்குக் கொடுத்தது. அந்தச் சோதனையில் இருந்த மனிதக் கட்டி வகைகள் மூன்றில் ஒன்று கிளியோபிளாஸ்டோமா. வளர்ச்சி நன்றாகவே குறைந்தது. ஆக, மூளைக்கட்டி இந்த மருந்தின் கதையில் முதல் நாளிலேயே இருந்தது.

1998 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஃபோக்மேன் ஆய்வகத்தின் வேறு இரண்டு மருந்துகளைப் பற்றிச் செய்தி வந்தது. மறுநாள் அந்த மருந்துக் கம்பெனியின் பங்கு விலை எகிறியது, மருத்துவமனை தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன. அந்த இரண்டும் பிறகு எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை. ஆனால் பெவாசிசுமாப் ஜெயித்தது. பெருங்குடல் புற்றுநோய் முற்றியவர்களுக்கு மற்ற மருந்துகளோடு இதைச் சேர்த்தபோது வாழ்நாள் 15.6 மாதத்தில் இருந்து 20.3 மாதமாகக் கூடியது. 2004 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 1971-ல் நம்பாதவர்களுக்கு 33 வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது.

மூளைக்கு மட்டும் கொடுக்கப் பயந்தார்கள். ரத்தநாளத்தில் கை வைக்கும் மருந்து, மூளையில் ரத்தம் கசிந்துவிட்டால்? டெக்சாஸ் மாநிலத்தில் வர்ஜீனியா ஸ்டார்க்-வான்ஸ் என்ற மருத்துவர்தான் முதலில் துணிந்து, கட்டி திரும்பி வந்த நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். பயந்தபடி பெரிய விபரீதம் இல்லை. ஸ்கேனில் கட்டி சுருங்கியது! அடுத்து டியூக் பல்கலைக்கழகத்தில் 2007-ல் வெளியான சோதனைகளில் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஸ்கேனில் கட்டி சுருங்கித் தெரிந்தது. அதுவரை இந்த நோயில் பத்தில் ஒருவருக்குச் சுருங்கினாலே பெரிய விஷயம். 2009 மே மாதம் அமெரிக்காவில் அவசர வழியில், பின்னால் உறுதிப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஐரோப்பிய மருந்து அமைப்பு அதே வருஷம் "ஆதாரம் போதாது" என்று மறுத்தது.

இதையெல்லாம் பார்க்க ஃபோக்மேன் இல்லை. 2008 ஜனவரியில் டென்வர் விமான நிலையத்தில் மாரடைப்பில் இறந்துபோனார்.

நம்ம நாட்டுக்காரர் சொன்னது

இடையில் வேறொரு குரல். உத்தரப் பிரதேசத்து லலித்பூரில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1972-ல் வேதிப் பொறியியல் முடித்த ராகேஷ் ஜெயின். டாக்டர் இல்லை, இன்ஜினியர்! குழாயில் திரவம் எப்படி ஓடுகிறது என்று படித்தவர், கட்டிக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனார். அங்கே பார்த்தது கோணல்மாணலான, ஓட்டை விழுந்த, பாதி அடைத்த குழாய்கள். குழாய் ஒழுகுவதால் சுற்றிலும் அழுத்தம் ஏறி, நாம் ஏற்றும் புற்றுநோய் மருந்தே உள்ளே போவதில்லை.

2001-ல் அவர் சொன்ன கருத்து எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. இந்த மருந்து ரத்தநாளத்தை அழிப்பதால் வேலை செய்யவில்லை, கொஞ்ச காலத்துக்கு அதைச் சீர் செய்வதால்தான் வேலை செய்கிறது என்றார். முற்றுகை இல்லை, குழாய் ரிப்பேர்!

2007-ல் அவரும் டிரேசி பாட்செலர் என்ற மூளைக்கட்டி மருத்துவரும் இதே வகையைச் சேர்ந்த செடிரனிப் என்ற மாத்திரையை கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளுக்குக் கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தநாளங்கள் ஒல்லியாகி, கசிவு நின்று, வீக்கம் வடிந்தது. 2009-ல் எலிகளில் செய்த சோதனை இன்னும் அதிசயம். மருந்து கொடுத்த எலிகள் அதிக நாள் வாழ்ந்தன. ஆனால் கட்டி நிற்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது! அதாவது எலியைக் காப்பாற்றியது கட்டியின் பட்டினி இல்லை, வீக்கம் வடிந்ததுதான்.

டுவோராக் 1983-ல் வைத்த பெயரை இப்போது திரும்பப் படியுங்கள். கசிவுக் காரணி.

ஜெயினுக்கு 2016-ல் அதிபர் ஒபாமா கையால் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது.

2014: கணக்கு வந்த நாள்

நிபந்தனையோடு கொடுத்த அனுமதிக்கு உறுதிப்பாடு வேண்டுமே. இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. புதிதாக நோய் கண்ட நோயாளிகள். எல்லோருக்கும் வழக்கமான கதிர்வீச்சு (நம்ம ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அது), டெமோசோலோமைட் மாத்திரை. பாதிப் பேருக்குக் கூடவே பெவாசிசுமாப், மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும் போலி மருந்து. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. முடிவுகள் 2014 பிப்ரவரியில் ஒன்றாக வெளியாயின.

முதல் சோதனையில் 921 பேர். நோய் மோசமாகாமல் இருந்த காலம் 6.2 மாதத்தில் இருந்து 10.6 மாதமாகக் கூடியது. ஆஹா! ஆனால் வாழ்ந்த மொத்தக் காலம்? மருந்து பெற்றவர்கள் 16.8 மாதம், பெறாதவர்கள் 16.7 மாதம்.

இரண்டாவது சோதனையில் 637 பேர். நோய் மோசமாகாத காலம் 7.3 மாதம் 10.7 ஆனது. வாழ்ந்த காலம்? மருந்து பெற்றவர்கள் 15.7, பெறாதவர்கள் 16.1.

இங்கே மாதக் கணக்கு என்பது கூட்டி வகுத்த சராசரி இல்லை. பாதிப் பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப் பேர் அதற்கு அதிகமாகவும் வாழ்ந்தார்கள் என்ற நடுப்புள்ளி. அந்த நடுப்புள்ளி நகரவே இல்லை.

இன்னொரு வேடிக்கை. நோயாளிகளின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதில் இரண்டு சோதனைகளும் ஒன்றுக்கொன்று முரண். முதலாவது, ஸ்டீராய்டு தேவை குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடுதல் நாள் நிலைத்தது என்றது. இரண்டாவது, மருந்து பெற்றவர்களுக்குத் தொந்தரவுகள் கூடின, சிந்திக்கும் திறனும் குறைந்தது என்றது.

2017-ல் வந்த மூன்றாவது சோதனை, கட்டி திரும்பி வந்த 437 பேரிடம் நடந்தது. அதிலும் அதே கதை. கட்டி வளராத காலம் 1.5 மாதம் 4.2 ஆனது. வாழ்நாள் 8.6 மாதமும் 9.1 மாதமும். வித்தியாசம் என்று சொல்ல முடியாத வித்தியாசம்.

ஸ்கேன் பொய் சொன்னதா?

பொய் சொல்லவில்லை. நாம்தான் அதைத் தவறாகப் படித்தோம். மூளைக்கட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கடோலினியம் என்ற சாயம் ஏற்றுவார்கள். நல்ல மூளையில் ரத்தநாளச் சுவர் இறுக்கமாக இருப்பதால் சாயம் வெளியே வராது. கட்டியின் நாளங்கள் ஒழுகுவதால் அங்கே சாயம் கசிந்து வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளையைத்தான் கட்டி என்று அளந்தோம். ஒழுகலை அடைக்கும் மருந்து கொடுத்தால்? ஓரிரு நாளிலேயே வெள்ளை மங்கும். கட்டி அப்படியே இருக்கும்! கூரை ஒழுகலை அடைத்துவிட்டு, தரையில் ஈரம் இல்லை, ஆகவே மழை நின்றுவிட்டது என்று சொல்வது போல.

இதைப் புரிந்துகொண்ட மூளைக்கட்டி நிபுணர்கள் 2010-லேயே அளக்கும் விதிகளை மாற்றினார்கள். வெள்ளையை மட்டும் பார்க்காதே, சாயம் தேவைப்படாத மற்ற படங்களையும், நோயாளியின் நிலையையும், ஸ்டீராய்டு அளவையும் சேர்த்துப் பார் என்றார்கள்.

அப்படியானால் கட்டி பட்டினியில் ஏன் சாகவில்லை? இங்கேதான் செஞ்சி திரும்ப வருகிறது. மூளை என்பது ஏற்கெனவே நெருக்கமாக ரத்தநாளங்கள் ஓடும் இடம். கட்டி புது நாளம் முளைக்க வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இருக்கிற நல்ல நாளங்களை ஒட்டிக்கொண்டே ஊர்ந்து போகலாம். பெவாசிசுமாப் அந்தப் பழைய நாளங்களைத் தொடாது. கோட்டைக்குள்ளேயே சுனை இருந்தால் வெளியே முற்றுகை போட்டு என்ன பயன்? தவிர, கட்டி ஒரு சமிக்ஞையைத் தடுத்தால் இன்னொன்றைப் பயன்படுத்தவும் கற்றுக்கொள்கிறது. ராஜாராம் வேலூர்ப் பக்கம் நழுவினது போல, செல்கள் பக்கத்து நல்ல மூளைக்குள் நழுவிவிடுகின்றன.

அப்போ மருந்து வேஸ்ட்டா?

இல்லை! அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். மருந்தை அதன் பழைய பெயரைக் கொண்டு புரிந்துகொண்டவர்கள் அதற்குச் சரியான வேலை கண்டுபிடித்தார்கள்.

கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்து, சிலருக்கு கட்டி இருந்த இடத்தில் மூளைத்திசு செத்து வீங்கும். அங்கே நாளங்கள் ஒழுகுவதுதான் பிரச்சினை. ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கும், ஆனால் மாதக்கணக்கில் கொடுத்தால் முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, தொடைத் தசை கரைந்து, நோயாளி எழுந்திருக்கவே சிரமப்படுவார். 2011-ல் வெளியான ஒரு சின்னச் சோதனையில் 14 பேர்தான். மருந்து பெற்ற எல்லோருக்கும் வீக்கம் குறைந்தது. போலி மருந்து பெற்றவர்களில் ஒருவருக்கும் குறையவில்லை. பிறகு அவர்களுக்கும் உண்மையான மருந்தைக் கொடுத்தபோது அவர்களுக்கும் குறைந்தது. பெரிய கட்டிச் சோதனைகளில் கிடைக்காத தெளிவு 14 பேரிலேயே கிடைத்தது, ஏனென்றால் கேள்வி சரியான கேள்வி.

கண்ணிலும் அப்படித்தான். விழித்திரையில் நாளம் ஒழுகிப் பார்வை போகும் நோய்களுக்கு, 2005-ல் இதைத் துளி அளவு கண்ணுக்குள் ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். புற்றுநோய்க்கு வாங்கும் ஒரு குப்பியைப் பிரித்தால் பல கண்களுக்கு ஆகும். 2013-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்ததும் கண்ணுக்காகத்தான்.

நமக்கு இதில் என்ன?

அமெரிக்கா 2017 டிசம்பரில் இந்த மருந்துக்கு, கட்டி திரும்பி வந்தவர்களுக்கு என்று முழு அனுமதியே கொடுத்துவிட்டது. வாழ்நாளைக் கூட்டாவிட்டாலும் கட்டி வளராத காலம் கூடுகிறது, ஸ்டீராய்டு குறைகிறது என்பது காரணம். ஐரோப்பிய அமைப்பு 2014-ல் புதிய நோயாளிகளுக்கும் "முடியாது" என்றது. ஒரே எண்கள், இரண்டு தீர்ப்புகள். ரெண்டு பக்கமும் முட்டாள்கள் இல்லை. எதைப் பலன் என்று எண்ணுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இந்தியாவில் 2016, 2017-ல் ரிலையன்ஸ், ஹெட்டெரோ, சைடஸ், பயோகான் என்று வரிசையாகப் பல நிறுவனங்கள் இதே மருந்தின் சொந்தத் தயாரிப்புகளைக் கொண்டுவந்தன. வெளிநாட்டுக் குப்பியைவிட மலிவு. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டிக்குக் கொடுக்கும் வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு தடவையும் 600 மில்லிகிராம். எத்தனை தடவை? நோய் திரும்ப வளரும்வரை. கதிர்வீச்சு வீக்கத்துக்கு 2011 சோதனையில் கொடுத்தது கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் நான்கு தடவைக்குள். முன்னது முடிவு தெரியாத செலவு, பின்னது எல்லை உள்ள செலவு.

நகையை அடகு வைத்து, கால் காணி நிலத்தை விற்று மருந்து வாங்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவை எழுதுவதன் நோக்கம். "ஸ்கேன் நல்லா வந்திருக்கு" என்ற வார்த்தையைக் கேட்டதும் நாம் "ஆள் பிழைச்சிட்டார்" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். இந்த ஒரு மருந்தில் அந்த மொழிபெயர்ப்பு சரியாக வராது.

டாக்டரிடம் இப்படிக் கேட்கலாம்: "சார், இது அவர் வாழும் நாளைக் கூட்டுவதற்கா, வீக்கத்தைக் குறைத்து இருக்கும் நாளை நிம்மதியாக ஆக்குவதற்கா? வீக்கத்துக்கு என்றால் எத்தனை ஊசி? ஸ்டீராய்டு மட்டும் போதுமா?" இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. நல்ல டாக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். பதில் "வீக்கத்துக்குத்தான்" என்று வந்தாலும் அது சின்ன விஷயம் இல்லை. கடைசி மாதங்களில் பேத்தியை அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிட முடிவது எந்தக் கணக்கிலும் பூஜ்யம் கிடையாது. ஆனால் வீட்டார் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். (இந்த மருந்தால் ரத்தக்கசிவு, ரத்த உறைவு, புண் ஆறாமை, ரத்த அழுத்தம் ஏறுவது போன்ற தொல்லைகளும் உண்டு. ஆகவே இந்தப் பதிவைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். முடிவு உங்கள் மருத்துவரோடு.)

ஃபோக்மேன் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். பெருங்குடல் புற்றில் அவர் யோசனை பலருக்கு மாதங்களைக் கொடுத்தது. மூளையில் மட்டும் அது வேறொரு உண்மையைக் காட்டியது. டுவோராக் பார்த்தது கசிவை, ஃபெராரா பார்த்தது வளர்ச்சியை. உலகம் தனக்குப் பிடித்த பெயரை எடுத்துக்கொண்டு 20 வருஷம் ஓடியது. ஒரு பொருளுக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோமோ, அதையே அதனிடம் தேடுகிறோம். அறிவியலில் ஒரு பெயர் ஜெயிக்கும்போது, தோற்ற பெயரையும் நோட்டில் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. யாராவது ஒரு நோயாளிக்கு அது உதவும்.